எட்டு வீட்டுக் கக்கூஸுக்குப் புதுத் தரை

காலை ஆறே கால் மணிக்கு, வாளியும் கையுமாகப் பதினொரு பேர் வரிசையில் நிற்க, கொத்தனார் தளவாய் கதவை அகலத் திறந்துபோட்டு உள்ளே போய், எட்டு வீட்டுக்கும் பொதுவான வெஸ்டர்ன் கோப்பையின் அடியில் இருந்த வெள்ளை சிமெண்டை உளியால் கொத்தி, திருகாணிகளைக் கழற்றி, கோப்பையைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, முற்றத்து முருங்கை மரத்தடியில் இறக்கி வைத்தார். வரிசை கலையவில்லை. முதலில் நின்றவர் பழக்கதோஷத்தில், கோப்பை போன பக்கமாகவே இரண்டு எட்டு வைத்தார்.

"நாலு நாளைக்கு எல்லாருக்கும் பஸ் ஸ்டாண்டுதான். கொஞ்சம் சிரமம் பாக்காம போயிட்டு வாங்க" என்றார் தளவாய்.

அது 2018 ஆகஸ்ட் 20, திங்கட்கிழமை. இடம் திருநெல்வேலி டவுன், தறி முடுக்கு, சிதம்பரவேலு வளவு. வளவு என்றால் தெருவுக்கு ஒரே வாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு, சுற்றி எட்டு வீடு, எட்டு வீட்டுக்கும் பின்மூலையில் ஒரே கக்கூஸ். வீட்டுக்காரர் சிதம்பரவேலு முதல் வீட்டில் குடியிருந்தார். அவருக்கும் அதே கக்கூஸ்தான், அதே வரிசைதான், ஆனால் அவர் வரும்போது வரிசை கொஞ்சம் விலகிக்கொடுக்கும்.

தரையை மாற்றச் சொல்லி அவரை நச்சரித்தவள் ஐந்தாம் வீட்டு ஆவுடை. பழைய தரை நடுவில் பள்ளம் விழுந்து, தண்ணீர் தேங்கி, பாசி பிடித்துக் கிடந்தது. அதில் வழுக்கி விழாதவர்கள் அந்த வளவில் இல்லை. ஆனாலும் விழுந்தவர்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்களே தவிர யாரும் கேட்கவில்லை. ஆவுடை கேட்டதற்குக் காரணம் இருந்தது. மகள் சுபாஷினிக்குக் கடையநல்லூரில் வரன் அமைந்து, ஆவணியில், செப்டம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே நிச்சயம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்திருந்தார்கள், ஜாதகத்தைப் பார்த்திருந்தார்கள். கக்கூஸை இன்னும் பார்க்கவில்லை.

"அவ்வளவு தூரத்துலேருந்து வாராவ அண்ணாச்சி. வந்த கால்ல அங்கதான் போவாவ. அந்தத் தரையில மாப்பிள்ளைக்கு அம்மா விழுந்து வச்சா நிச்சயம் எங்க நிக்கும்?"

சிதம்பரவேலு யோசித்தார். தானும் அந்த மாதம் இரண்டு தடவை விழுந்திருந்ததால் சம்மதித்தார்.

தளவாய் பழைய தரையைக் கொத்தி எடுத்து, தண்ணீர் ஓட வாட்டம் பார்த்துச் சாந்து பூசி, சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸ் ஒட்டி முடித்தார். தரை ஒரு அங்குலம் உயர்ந்துவிட்டதால் கீழே போகும் குழாயின் வாய் பள்ளத்தில் போய்விட்டது. அதற்கு ஒரு துண்டுக் குழாய் வாங்கிச் சொருகி, வெள்ளிக்கிழமை காலை வெள்ளை சிமெண்டைக் குழைத்து வைத்துக்கொண்டு, கோப்பையைத் தூக்கிவரக் குனிந்தபோது, பின்னால் குழாய் ஏப்பம் விட்டது. விருந்து சாப்பிட்ட பெரிய மனிதர் விடுகிற ஏப்பம். திரும்பிப் பார்த்தால் புது டைல்ஸ் மேல் ஒரு பச்சைச் சீப்பு கிடந்தது. ஈரம் இல்லை, அழுக்கு இல்லை. ஜவுளிக்கடைப் பையிலிருந்து அப்போதுதான் எடுத்த துணியின் வாசனை அதிலிருந்து வந்தது.

தளவாய் சீப்பை ஓரமாக வைத்தார். மறுபடி ஏப்பம், ஒரு சாவிக்கொத்து. மறுபடி ஏப்பம், ஒரு செல்போன். மூன்றாம் வீட்டுப் பையன் போன தீபாவளிக்குத் தொலைத்த போன் அது. ஓடிவந்து எடுத்தான், சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது. அவன் அம்மா தளவாயின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"கொத்தனாரே, கொஞ்சம் பொறும். இன்னும் என்னெல்லாம் வருதுன்னு பாத்துக்கிடுவோம்."

அன்று மாலைக்குள் வளவு முழுவதும் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்துவிட்டது. முதலாவது, அந்தக் குழாய்க்குள் விழுந்தவையெல்லாம் கடைசியில் விழுந்தது முதலில் என்ற வரிசையில் மேலே வருகின்றன. போன மாதம், போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் என்று காலம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது, எதற்காக அந்தக் கக்கூஸ் கட்டப்பட்டதோ அது எதுவும் திரும்பி வரவில்லை. இந்த இரண்டாவது விஷயத்துக்காக வளவு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. தெரியாமல் கைதவறி விழுந்தவற்றை மட்டுமே குழாய் திருப்பிக் கொடுக்கிறது, மனசறிந்து விட்டதைக் கொடுப்பதில்லை என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஏன் கொடுக்கிறது என்று கேட்டால் கொடுப்பதை நிறுத்திவிடுமோ என்ற பயம், ரேஷன் கடையில் பழகிய பயம், எல்லோருக்கும் இருந்தது.

கோப்பையை வைக்கக் கூடாது என்று எட்டு வீடும் ஒரே குரலில் சொன்னது. அதற்கு முன் எட்டு வீடும் ஒரே குரலில் சொன்ன விஷயம் எதுவும் கிடையாது. காலையில் ஆட்டோ பேசி, ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்குப் போய்வந்தார்கள். அங்கே இருந்தவன் தறி முடுக்குக்காரர்களுக்கு மட்டும் தனி வரிசை வைத்தான். சிதம்பரவேலு கக்கூஸுக்குள் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஏப்பம் கேட்டதும் வந்ததைக் கையில் எடுப்பார், தூக்கிக் காட்டுவார், "அடையாளம் சொல்லுங்க" என்பார். சரியாகச் சொன்னவருக்குக் கொடுப்பார். முருங்கை மரத்தடிக் கோப்பைக்குள் ஒரு பூனை மூன்று குட்டி போட்டது. அதையும் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை.

ஆறாம் வீட்டுப் பெரியவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய பல்செட் வந்தது. மகன்கள் இருவரும் அப்பாவின் ஞாபகமாகத் தனக்குத்தான் வேண்டும் என்று முற்றத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா உயிரோடிருந்தபோது அவரைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அவர்கள் இப்படிச் சண்டை போட்டதில்லை. சிதம்பரவேலு மேல்வரிசையை மூத்தவனுக்கும் கீழ்வரிசையை இளையவனுக்கும் பிரித்துக் கொடுத்தார். இரண்டு வீட்டிலும் படத்துக்கு முன்னால் வைத்துப் பூப் போட்டார்கள். யாரோ ஒரு அம்மாள் அடுத்த முடுக்கிலிருந்து கற்பூரத் தட்டோடு வந்து குழாய் வாயில் காட்டப் போனாள். தளவாய் ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினார்.

"யக்கா, உள்ள கேஸ் நிக்கி. கொளுத்துனா நீங்களும் சாமியும் சேந்து கூரைக்குப் போயிருவிய."

பக்தி அதோடு நின்றது. என்றோ ஒரு கல்யாணத்துக்கு வந்து அந்தக் கக்கூஸைப் பயன்படுத்தியவர்களெல்லாம் தேடிவந்து வரிசையில் நின்றார்கள். ஒரு அதிகாரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் ஏதாவது வந்தால் அது சர்க்காருக்குச் சேரும், மற்றதைப் பற்றித் தனக்கு உத்தரவு எதுவும் இல்லை என்று சொல்லி, போகும்போது தன்னுடைய பேனா ஏதாவது வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இத்தனையிலும் கோப்பையைத் திருப்பி வைக்கச் சொன்னது ஆவுடை மட்டும்தான்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராவ அண்ணாச்சி. அதுக்காகத்தான இவ்வளவும்."

"வரட்டும். அவுகளுக்கும் ஒரு ஆட்டோ சொல்லிருவோம்" என்றார் சிதம்பரவேலு.

"ஏட்டி ஆவுடை, நீ என்னத்துக்கு இப்படிப் பறக்க? உனக்கு ஒண்ணும் தொலையலையா?" என்றாள் அவர் மனைவி மங்கையர்க்கரசி. வளவில் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையை முன்னால் உட்கார்ந்து நடத்துகிறவள் அவள். எந்தப் பெண் நெற்றியில் குங்குமம் குறைந்தாலும் முதலில் பார்ப்பதும் அவள்தான்.

"இல்லக்கா. எனக்கு ஒண்ணும் தொலையல" என்றாள் ஆவுடை. அது உண்மை. அவள் தொலைக்கவில்லை, போட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், 2012 ஆடி மாதத்தில், அவள் கணவன் சட்டநாதன் அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வாங்கிக்கொண்டுபோய் அடகு வைத்து, அதைக் குடித்து முடித்து, மறுநாள் காலை சட்டையில்லாமல் வந்து நடுவீட்டில் மல்லாந்து படுத்தான். சங்கிலி போனதால் தாலியை அவள் மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டிருந்தாள். வாளியோடு வரிசையில் நின்று, தன் முறை வந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, தண்ணீர் ஊற்றப் போன கையால் கயிற்றிலிருந்து தாலியை உருவி, கோப்பைக்குள் போட்டு, இரண்டு தடவை தண்ணீரை ஊற்றிவிட்டாள். வெளியே ஆள் தட்டினார்கள். வந்துவிட்டாள். பிறகு சமையலறையில் ஒரு சிறு மஞ்சள் கிழங்கை எடுத்து அதே கயிற்றில் கட்டி, ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

பெரிதாக ஏதோ நடக்கப்போகிறது என்று அவள் சில நாள் காத்திருந்தாள். நடந்தது இதுதான்: சட்டநாதனுக்கு மஞ்சள் காமாலை வந்து, டாக்டர் பயமுறுத்தி, குடியை விட்டான். ஐப்பசியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர் வேலை கிடைத்தது. சங்கிலியை மீட்டுக் கொண்டுவந்து அவள் கழுத்தில் போட்டான். நுனியில் என்ன தொங்குகிறது என்று பார்க்கவில்லை. உடம்பு பூரித்தது. தொப்பை வைத்தது. வளவிலேயே அவனைப் போல நல்ல நேரம் ஓடுகிற ஆள் இல்லை என்று பேச்சானது. விளக்குப் பூஜையில் மங்கையர்க்கரசி, ஆவுடையின் தாலி பாக்கியத்தைப் பற்றி மற்ற பெண்களுக்கு எடுத்துச் சொல்வாள்.

தெரியாமல் விழுந்ததுதான் வரும் என்று வளவு சொன்னதை ஆவுடை பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாள் அந்த நம்பிக்கையில் நிச்சயத்துக்கு முறுக்குச் சுட்டாள். செவ்வாய்க்கிழமை குழாய் அடுத்தடுத்து மூன்று ஏப்பம் விட்டு, சட்டையில் குத்துகிற மூன்று கட்சி பேட்ஜுகளைக் கொடுத்தது. மூன்றும் மூன்று கட்சி. சிதம்பரவேலு வழக்கம் போலத் தூக்கிக் காட்டவில்லை.

"கை தவறி விழுந்தது" என்றார்.

"மூணுமா அண்ணாச்சி?" என்றார் தளவாய்.

"ஒரே வருஷத்துல மூணு தடவ கை தவறிருக்கு" என்று வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடை சிரிக்கவில்லை. மனசறிந்து போட்டதும் வரும் என்று ஆகிவிட்டது. அன்று ரசத்தில் உப்பில்லை என்று சட்டநாதன் சொன்னான். அவள் உப்பு டப்பாவை அவன் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை மத்தியானம், வளவு சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், அவள் ஆட்டுக்கல் குழவியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டுபோய்க் குழாய் வாயில் சொருகினாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து டொக் டொக் என்று தட்டுகிற சத்தம், கதவு திறக்காத வீட்டு வாசலில் சொந்தக்காரர் தட்டுவது போல, பொறுமையாகக் கேட்டது. மங்கையர்க்கரசி முதலில் எழுந்து வந்தாள்.

"எந்த மூதேவி இதுக்குள்ள குழவியக் கொண்டு சொருகினது?"

எட்டு வீட்டிலும் மிக்ஸி வந்து வருஷக்கணக்காகிவிட்டதால் யார் வீட்டுக் குழவி எங்கே கிடந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. அதனால் ஆவுடை தப்பித்தாள். குழவியை உருவியதும், உள்ளே காத்திருந்த ஒரு கொலுசும் இரண்டு ஹேர்பின்னும் ஒரு பொம்மைக் காரும் வரிசையாக வெளியே வந்தன.

வியாழக்கிழமை ஒரு தாலி வந்தது.

சிதம்பரவேலு தூக்கிக் காட்டினார். புறாவும் அதற்கு மேல் ஒரு சிலுவையும். வளவில் தேவாலயத்துக்குப் போகிற வீடு ஏழாம் வீடு ஒன்றுதான். எல்லோரும் அந்த வீட்டு அற்புதம் என்கிற பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள், புருஷன் மஸ்கட்டில்.

"எனக்கு முன்னால இந்த வீட்டுல இருந்தவங்களும் சர்ச்சுக்குப் போறவங்கதான்" என்றாள் அற்புதம்.

"அவுக போயி எத்தன வருஷமாச்சு? இதுக்கு முந்தி வந்த கொலுசு போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தொலைஞ்சது. கணக்கு எங்களுக்கும் தெரியும்ட்டி" என்றாள் மங்கையர்க்கரசி.

"சரி, என்னோடதுதான். குளிக்கையில கழத்தி வச்சேன், கை தவறிருச்சு."

"கழுத்துல கெடக்கது எப்படிம்மா கை தவறும்? புருஷன் கண்காணாத தூரத்துல கெடக்காரு. இங்க இவ கழத்தி வச்சிட்டுக் குளிக்காளாம்" என்று மங்கையர்க்கரசி கூட்டத்தைப் பார்த்தாள்.

அற்புதம் தாலியை வாங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். வளவில் யாரோ போட்டோ எடுத்திருந்தார்கள். படம் அன்று மாலைக்குள் மஸ்கட் போய்ச் சேர்ந்தது. புருஷன் வீடியோ காலில் வந்து கழுத்தைக் காட்டச் சொன்னான். அவள் காட்டினாள். திருப்பிக் காட்டச் சொன்னான். திருப்பிக் காட்டினாள். அவன் குரல் முற்றம் வரைக்கும் கேட்டது. முற்றத்தில் எல்லோரும் வேறு வேலை பார்ப்பது போல உட்கார்ந்து கேட்டார்கள். ஆவுடையும் உட்கார்ந்து கேட்டாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், மூடி முடிந்தும் துருவினாள்.

வெள்ளிக்கிழமை அவள் தளவாயைத் தேடிப் போய், சீலா மீன் குழம்பு ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொடுத்து, எப்படியாவது கோப்பையை வைத்துவிடச் சொன்னாள்.

"வைக்க எனக்கென்ன யக்கா, பத்து நிமிஷ வேலை. ஆனா எட்டு வீட்டு ஆளும் என்னையத் தூக்கி அந்த ஓட்டைக்குள்ள சொருகிருவாவ" என்றார் தளவாய். குழம்பு நன்றாக இருந்தது என்று மறுநாள் சட்டியைக் கழுவிக் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்த பொருள்கள் 2012 தீபாவளிக்கு வந்துவிட்டன. அடுத்தது புரட்டாசி, ஆவணி, பிறகு ஆடி. ஆவுடை கணக்குப் போட்டாள். நிச்சயத்தன்று வரும். பெண்ணின் அம்மா தாலியைக் கழிவோடு கழிவாக விட்டவள் என்று தெரிந்தால் எந்தக் குடும்பம் அந்தப் பெண்ணை எடுக்கும்? சுபாஷினி உள்ளே கண்ணாடி முன்னால் சேலை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டு வேன் ஒன்பதுக்கே வந்துவிட்டது. தாம்பாளங்கள் இறங்கின, மாப்பிள்ளை இறங்கினான், மாப்பிள்ளையின் அம்மா பூரணத்தம்மாள் இறங்கி, பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு, ஆவுடையின் காதருகில் வந்தாள்.

"மதினி, கொஞ்சம் ஒதுங்கணும்."

"ஆட்டோ சொல்லியிருக்கேன் மதினி, இந்தா வந்திரும்."

"ஆட்டோ எதுக்கு? அந்தா தெரியுதே" என்ற பூரணத்தம்மாள், பின்மூலையில் கக்கூஸின் முன்னால் கூட்டம் நிற்பதைப் பார்த்து, வளவு என்றால் வரிசை இருக்கத்தானே செய்யும் என்று எண்ணி, நேராகப் போய்க் கடைசியில் நின்றாள். சம்பந்தி என்று தெரிந்ததும் முன்னால் நின்றவர்கள் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். அப்படி அவள் முதல் ஆளாக உள்ளே போய்ச் சேர்ந்தபோது, அங்கே கோப்பை இல்லை; ஒரு ஓட்டையும், ஓட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு பெரிய மனிதரும் இருந்தார்கள். பின்னாலேயே ஓடிவந்த ஆவுடையும், அவள் பின்னால் சட்டநாதனும் வந்து நின்ற நேரத்தில் குழாய் ஏப்பம் விட்டது.

சின்னத் தாலி. மஞ்சள் கயிற்றில் கிடந்த நாளின் மஞ்சள் கூடப் போகாமல் இருந்தது.

"அடையாளம் சொல்லுங்க" என்றார் சிதம்பரவேலு, வாய்ப்பழக்கத்தில்.

அங்கே நின்ற பெண்களின் கைகள் தாமாகக் கழுத்துக்குப் போயின. ஆவுடை கையைத் தூக்கவில்லை. கூட்டத்துக்கு அப்பால், கிணற்றடியில், வியாழக்கிழமைக்குப் பிறகு யாரோடும் பேசாத அற்புதம் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடது" என்றாள் ஆவுடை. "பின்பக்கம் பாருங்க அண்ணாச்சி. ஆசாரி பத்த வச்ச இடத்துல கடுகளவு கறுப்பு இருக்கும்."

அவர் திருப்பினார். இருந்தது.

சட்டநாதன் அவள் கழுத்தைப் பார்த்தான். "அப்போ கழுத்துல கெடக்கது?"

"மஞ்சக் கிழங்கு."

"எப்போதேருந்து?"

"சங்கிலிய அடகு வச்சிட்டு வந்து சட்டையில்லாமப் படுத்துக் கெடந்தியளே, அன்னைக்கேருந்து."

"தெரியாம விழுந்துச்சோ?"

"இல்ல. போட்டேன். ரெண்டு தடவ தண்ணி விட்டேன்."

எட்டு வீடும் மாப்பிள்ளை வீட்டு வேனும் சட்டநாதனின் முகத்தைப் பார்த்தன. அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"அந்த ஆடிக்குப் பெறவுதான நான் குடிய விட்டேன்?"

"ஆமா."

"டைம் கீப்பர் வேலை?"

"அந்த ஐப்பசி."

"சுகர் வந்துச்சே."

"அது எல்லாருக்கும் வருது."

அவன் இன்னும் கொஞ்சம் எண்ணினான். பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏட்டி, அத வாங்காத. இருந்த இடத்துலேயே போட்டுரு" என்றான்.

"போட மாட்டேன். தங்கம் எங்கப்பா கொடுத்தது. மூக்குத்தி செய்யப் போறேன்" என்று ஆவுடை கையை நீட்டினாள். சிதம்பரவேலு கொடுத்தார்.

மங்கையர்க்கரசி தொண்டையைச் செருமினாள். "புருஷன் குத்துக்கல்லு மாதிரி இருக்கையில ஒரு சுமங்கலி செய்யிற காரியமா இது? சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால சொல்லக்கூடாது, இருந்தாலும் இந்த வளவுல இத்தன வருஷத்துல ஒருத்தியாவது…"

குழாய் ஏப்பம் விட்டது. அதுவரை வந்ததிலேயே பெரிய ஏப்பம். வருஷங்களைத் தாண்டிக்கொண்டு வந்தது போல இருந்தது. கனமான, பழைய வேலைப்பாடு உள்ள ஒரு தாலி டைல்ஸில் விழுந்து சுழன்று நின்றது. சிதம்பரவேலு அதை எடுத்தார். பார்த்தார். தூக்கிக் காட்டவில்லை, அடையாளம் கேட்கவில்லை. தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஆத்துல குளிக்கையில தண்ணியோட போச்சுன்னல்லா சொன்ன?" என்றார் மனைவியிடம்.

"ஆறு எங்கெங்க சுத்திட்டு வருதோ, யாரு கண்டா?" என்றாள் மங்கையர்க்கரசி.

அதற்குப் பிறகும் குழாய் ஓயவில்லை. ஆழத்தில் எதுவோ ஏறி வந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, கலகலவென்று, நகைக்கடையில் தட்டைக் கவிழ்த்தது போல, நிறைய. வளவில் இப்போது இருக்கிற பெண்களும், முன்பு இருந்து போன பெண்களும், கல்யாணத்துக்கு வந்து ஒரு வேளை தங்கிய பெண்களும் என்னென்ன எண்ணத்தோடு அந்தக் கதவைத் தாழிட்டிருப்பார்கள் என்று அங்கே நின்ற ஆண்கள் முதன்முதலாக யோசித்தது அப்போதுதான். பெண்கள் யோசிக்கவில்லை.

"தளவாய், வெள்ளை சிமெண்ட் எங்க?" என்றாள் மங்கையர்க்கரசி.

பத்து நாளாகக் கோப்பையை வைக்காதே என்று சொன்ன அதே வீட்டுப் பெண்கள் நான்கு பேர் முருங்கை மரத்தடிக்கு ஓடினார்கள். பூனைக்குட்டிகளை இறக்கிவிட்டார்கள். பட்டுச்சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு கோப்பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தார்கள். 2010-இல் விழுந்த தன் மோதிரம் இன்னும் வரவில்லை என்று இரண்டாம் வீட்டுக்காரர் முனகினார். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். தளவாய் துண்டுக் குழாயின் வாயில் சிமெண்டை அப்பி, கோப்பையை அதன் மேல் இறக்கி, இடமும் வலமும் அசைத்துப் பொருத்தி, திருகாணிகளை முடுக்கி, அடியைச் சுற்றி விரலால் வழித்துப் பூசினார். கலகலச் சத்தம் கோப்பைக்கு அடிவரை வந்து, நின்று, மெல்ல இறங்கிப் போனது.

"நாளைக்குக் காலம்பற வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது" என்றார்.

பூரணத்தம்மாள் இத்தனையையும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த வேலை முடியாததால் அவள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். வேன் திரும்பிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆவுடை அவள் முகத்தைப் பார்க்காமல், "மதினி, உங்க முடிவ நீங்க சொல்லிரலாம். பிள்ள மேல ஒரு தப்பும் கிடையாது" என்றாள்.

பூரணத்தம்மாள் தளவாய் பக்கம் திரும்பினாள்.

"கொத்தனாரே, இங்க போட்டது மட்டுந்தான் இது வழியா வருமா? இல்ல, கடையநல்லூர்ல போட்டதும் வருமா?"

"அது எப்படிம்மா வரும்? உங்க வீட்டு டேங்கு தனி, இந்த டேங்கு தனி."

"அப்படியா" என்று பூரணத்தம்மாள் மூச்சு விட்டாள். அது நிம்மதியா ஏமாற்றமா என்று அங்கே யாருக்கும் பிடிபடவில்லை. "சரி மதினி, ஆட்டோ வந்துட்டுதா பாருங்க. நான் போயிட்டு வந்திருதேன். நல்ல நேரம் போறதுக்குள்ள தட்ட மாத்திருவோம்."

நிச்சயம் நடந்தது. அற்புதம் தாம்பாளம் ஏந்தி வந்தாள். ஆவுடை அவளை வீட்டுக்குள் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். மறுநாள் காலை கோப்பையில் முதலில் உட்கார்ந்தவர் சிதம்பரவேலு. வரிசை வழக்கம் போல அவருக்கு விலகிக்கொடுத்தது. அதன் பிறகு அந்தக் குழாய் எதையும் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை. மங்கையர்க்கரசி விளக்குப் பூஜையை இப்போதும் நடத்துகிறாள். தாலி பாக்கியம் பற்றிப் பேசுவதில்லை, தேங்காய் விலை பற்றிப் பேசுகிறாள். ஆவுடை மூக்குத்தி செய்து போட்டுக்கொண்டாள். புதுத் தாலி செய்ய வேண்டுமா என்று கேட்டதற்குச் சட்டநாதன் பதறிப்போய்க் கூடாது என்றுவிட்டான். வெள்ளிக்கிழமைதோறும் அவனே கடைத்தெருவுக்குப் போய், பூச்சி விழாத, உருண்டையான மஞ்சள் கிழங்காகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வருகிறான்.

சுபாஷினியின் கல்யாணம் 2019 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூரில் நடந்தது. மார்ச் 4, திங்கட்கிழமை, மாப்பிள்ளை வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பூரணத்தம்மாள் தளவாய்க் கொத்தனாரை வரவழைத்து, கக்கூஸ் தரையை உடைக்கச் சொன்னாள். தரையில் பழுது எதுவும் இல்லை.